மூடுபனிக் காலத்து நாற்றுக்கு எந்த லைட்: டியூப், சோடியம், எல்.ஈ.டி?

கந்தப்பளை நாற்றுக்காரி | ஜூன் 14

வணக்கம். மரக்கறி நாற்று போட்டு விற்பது என் தொழில். 6 வருடமாகச் செய்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான். ஆனாலும் இடத்தையும் நிலைமையையும் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு காம்பிரா இருக்கிறது. 10 அடிக்கு 12 அடி. முன்பு அப்பா அதில் விதைக்கிழங்கு போட்டு வைத்திருந்தார். இப்போது நான் அதில் மூன்று தட்டு வைத்த இரும்பு ராக்கை ஒன்று போட்டு நாற்று வளர்க்கிறேன். ஒரு தட்டு 4 அடி நீளம், 2 அடி அகலம். அதில் 104 குழி நாற்றுத் தட்டு நான்கு அடங்கும். சலாது (லெட்டூஸ்), புரோக்கோலி, பெல் பெப்பர், கோவா எல்லாம் போடுவேன். இலங்கையின் நுவரெலியா மலைப்பக்கத்தில் உள்ள கந்தப்பளை, இராகலை, சீத்தாஎலிய பக்கத்துக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். தும்புத் தூளில் முளைக்க வைத்து, மூன்று நான்கு இலை வந்ததும் கொடுப்பேன்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வரும், தட்டுகளை வெளியே எடுத்தும் வைக்கலாம். மே மாதக் கடைசியில் தென்மேல் மழை பிடித்தால் எல்லாம் மாறிவிடும். மூடுபனி காலையில் இறங்கி மலையை மூடினால், சில நாள் பின்னேரம் வரை எதிரே உள்ள யூகலிப்டஸ் மரம் கூடத் தெரியாது. அந்த நேரத்தில் நாற்றுகள் வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டுவிடும். தண்டில் பலம் இருக்காது. தண்ணீர் தெளித்தாலே சாய்ந்துவிடும், சாய்ந்தால் அழுகல் வந்துவிடும்.

போன வருடம் ஜூலையில் இராகலைக்காரர் ஒருவர் 400 பெல் பெப்பர் நாற்று கேட்டிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார், கோபமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "இதை நட்டால் நிற்காது தங்கச்சி" என்றார். நான்கு தட்டையும் திரும்பப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், அடுத்த மழைக்கு முன்னால் வெளிச்சத்துக்கு ஒரு வழி பண்ணியே ஆக வேண்டும் என்று. பண்ணவில்லை, மழை வந்துவிட்டது. அதனால்தான் இப்போது அவசரமாகக் கேட்கிறேன்.

என்னிடம் இப்போது இருப்பவை இவை:

காம்பிராவின் கூரையில் 36 வாட் டியூப் லைட் நான்கு. ராக்கையின் மேல் தட்டிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கின்றன. சோக் போட்ட பழைய வகை. குளிரில் பற்றுவதற்கே நேரம் எடுக்கும், இரண்டின் ஓரங்கள் கறுத்துவிட்டன.

சித்தப்பா மகன் ஒரு பூ நர்சரியில் வேலை செய்தான். அதை மூடியபோது 400 வாட் சோடியம் லைட் (தெருவிளக்கு மாதிரி மஞ்சளாக எரிகிற வகை) இரண்டை, சோக், இக்னைட்டர், தகர மூடியோடு வாங்கி வைத்திருக்கிறான். எனக்குச் சும்மாவே தருகிறேன் என்கிறான்.

மூன்றாவது, ஒன்லைனில் வாங்கிய ஊதா நிற எல்.ஈ.டி பலகை. பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சந்தேகமாக இருந்தது. ஒரு நாள் ராத்திரி வீட்டில் மற்ற எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி, அதை மட்டும் 10 மணி நேரம் எரிய விட்டு மீட்டரைப் பார்த்தேன். ஒரு யூனிட்தான் ஓடியிருந்தது. அதாவது 100 வாட். விற்றவருக்கு மூன்று தடவை எழுதியும் பதில் இல்லை. அதைவிட, அந்த ஊதா வெளிச்சத்தில் இலையின் உண்மையான நிறமே தெரியவில்லை. கீழ் இலை மஞ்சள் பிடிக்கிறதா, அழுகல் தொடங்குகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் அதை ஆஃப் பண்ணிவிட்டு டோர்ச் அடிக்க வேண்டியிருக்கிறது.

ஊரில் ஒருவர் "எல்.ஈ.டி வெளிச்சத்தில் சூடு இல்லை, சூடு இல்லாத வெளிச்சத்தில் செடி வளராது" என்கிறார். இன்னொருவர் "சோடியம் போட்டால் கரண்ட் பில்லுக்குத் தோட்டத்தையே விற்க வேண்டும்" என்கிறார். பாவித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நான் எதைப் போட வேண்டும், எத்தனை மணி நேரம் எரிக்க வேண்டும்? வீட்டுக்கு இப்போது மாதம் ஏறக்குறைய 85 யூனிட் ஓடுகிறது.


வெலிமடை டனல் | ஜூன் 14

தங்கச்சி, சும்மா கிடைக்கிற சோடியத்தை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் எட்டு வருடமாக டனலுக்குள் (பொலித்தீன் கூடாரத்துக்குள்) தக்காளி நாற்று மேசைக்கு மேல் 400 வாட் சோடியம் பாவிக்கிறேன். 5 அடி உயரத்தில் தொங்குகிறது. தை மாசிக் குளிரில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு டனலுக்குள் போனால் வித்தியாசம் கையிலேயே தெரியும். லைட்டுக்குக் கீழே இருக்கிற இலை வெதுவெதுப்பாக இருக்கும், ஓரத்தில் இருக்கிறது ஐஸ் மாதிரி இருக்கும். கீழ்நாட்டில் அந்தச் சூடு தொல்லை. நமக்கு அது பாதி உதவி.

ஆனால் உங்கள் ராக்கைக்கு அது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் எவ்வளவு உயரம் இருக்கும், ஒன்றரை அடியா? அதில் சோடியத்தை வைத்தால் இலை கருகிவிடும். கூரையில் தொங்கவிட்டால் மேல் தட்டு மட்டும் வெளிச்சம் பெறும், கீழே இரண்டும் இருட்டு.

இன்னொன்று, அதன் வெளிச்சம் மஞ்சள். நீலம் மிகக் குறைவு. சோடியம் மட்டும் போட்டு வளர்த்த நாற்று கொஞ்சம் நீளத்தான் செய்யும். எனக்குப் பகல் வெளிச்சமும் கூடவே கிடைப்பதால் அது பெரிதாகத் தெரிவதில்லை. மூடிய காம்பிராவில் உங்களுக்குத் தெரியும். எரிகிற கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வெடிக்கலாம், கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழே மாட்டவே வேண்டாம்.


ஹட்டன் வயர்மேன் | ஜூன் 15

அக்கா, நான் செடி வளர்க்கிறவன் இல்லை, வயரிங் செய்கிறவன். ஆனால் இரண்டு மூன்று நாற்றுக் கொட்டில்களுக்கு லைட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யூனிட் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

400 வாட் சோடியம் என்றால் மீட்டரில் 400 ஓடாது. சோக் தனியாக எடுக்கும், 440 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் என்றால் 6.2 யூனிட், மாதத்துக்கு 185. உங்கள் 85-ஐயும் கூட்டினால் 270. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படி தாண்டும்போதும் யூனிட் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். 180-க்கு மேல்தான் மிகவும் கனம். ஒரே ஒரு சோடியம் உங்களை அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கிவிடும்.

இப்போது எல்.ஈ.டி. கடையில் கிடைக்கிற 4 அடி, 18 வாட் வெள்ளை எல்.ஈ.டி டியூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு ஆறு போட்டால் 108 வாட். இரண்டு தட்டுக்கு 216. 14 மணி நேரத்துக்கு 3 யூனிட், மாதம் 91. மொத்தம் 176. படிக்குக் கீழேயே நிற்கலாம், மயிரிழையில்தான். மூன்றாவது தட்டுக்கு உங்களிடம் இருக்கிற ஊதாப் பலகையைப் போட்டால் இன்னொரு 42 யூனிட் வரும், அப்போது தாண்டிவிடும். அதனால் மூன்று தட்டையும் ஒரே நேரத்தில் எரிக்காமல் ஆர்டர் பார்த்துப் பாவியுங்கள்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். எல்.ஈ.டி என்று பேர் வைத்தாலே கரண்ட் மிச்சம் என்று இல்லை. செடிக்குப் பயன்படுகிற வெளிச்சத்தை மைக்ரோமோல் என்ற அளவில் கணக்கிடுவார்கள். 2014-இல் அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல லைட்டுகளை அளந்து பார்த்தபோது, மிகச் சிறந்த எல்.ஈ.டியும் மிகச் சிறந்த 1000 வாட் சோடியமும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 1.7 மைக்ரோமோல். அதே அளவீட்டில் பழைய மாதிரி 400 வாட் சோடியம் 1-க்குக் கிட்டத்தான் வந்தது. இன்று நல்ல எல்.ஈ.டி 2.5-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் நாம் வாங்குகிற சாதாரண வெள்ளை டியூப், வாட்டுக்கு 100 லூமன் (லைட் தருகிற வெளிச்சத்தின் அளவு) என்று எழுதியிருக்கிறதே, அது 1.4 பக்கம்தான். உங்கள் ஊதாப் பலகை எதில் நிற்கும் என்று அதன் பெட்டியை வைத்துச் சொல்ல முடியாது. வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், லூமனைப் பாருங்கள். வாட்டுக்கு 150 லூமன் வருகிற டியூபும் உண்டு, விலை கூட, ஆனால் மாதா மாதம் மிச்சம்.

உங்களுக்கு எல்.ஈ.டி பொருந்துவதற்கு முக்கியக் காரணம் வேறு. சூடு அதிகம் இல்லாததால் இலையிலிருந்து 8 அங்குலத்தில் கூடத் தொங்கவிடலாம். வெளிச்சம் சுவரிலும் தரையிலும் வீணாகாது. பழைய டியூப் நான்கு பக்கமும் அடிக்கும், இது கீழ் நோக்கி மட்டும் அடிக்கும். அப்புறம், பழைய டியூப் 25 பாகை வெப்பத்தில்தான் முழு வெளிச்சம் தரும், நம் குளிரில் மங்கிவிடும். எல்.ஈ.டிக்குக் குளிர் நல்லது.

கரண்ட் போய் வந்தால் சோடியம் உடனே பற்றாது, ஆறுவதற்குச் சில நிமிடம் வேண்டும், திரும்பச் சூடாகி முழு வெளிச்சம் வரவும் நேரம் பிடிக்கும். எல்.ஈ.டி உடனே எரியும்.

பாதுகாப்பு. பழைய டியூப் மாட்டிய அதே பெட்டியில் எல்.ஈ.டி டியூப் மாட்டுவதாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கை விலக்கி வயரை மாற்ற வேண்டும். சில டியூபுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கரண்ட் கொடுக்க வேண்டும், சிலதுக்கு இரண்டு பக்கமும். டியூபோடு வருகிற படத்தைப் பார்க்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். தண்ணீர் தெளிக்கிற காம்பிரா அது. தண்ணீர் புகாத ஐபி65 மூடி போட்ட பிட்டிங், நல்ல எர்த், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற, வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். ட்ரிப் சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பழைய லயக் காம்பிராக்களில் எர்த் கம்பி இல்லாமலே ஓடுகிற வயரிங்கை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.


பண்டாரவளை செவ்வந்தி | ஜூன் 16

மகள், உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு அந்த 400 நாற்றுதான் மனதில் நின்றது. எனக்கு 61 வயது. 20 வருடத்துக்கு மேல் செவ்வந்தி வளர்க்கிறேன். லைட் விஷயத்தில் பட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. செடிக்கு லைட் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று சாப்பாடு, மற்றது மணிக்கூடு. இரண்டையும் குழப்புவதால்தான் ஊரில் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் சொல்கிறார்கள்.

செவ்வந்திக்கு நான் போடுவது மணிக்கூடு லைட். ராத்திரி நீண்டால் அது பூக்கும். நம் நாட்டில் வருடம் முழுவதும் பகல் 12 மணி நேரத்துக்குக் கிட்டத்தான், மிக நீண்ட பகல் கூட பன்னிரண்டே முக்காலைத் தாண்டாது. அதனால் விட்டுவிட்டால் செடி முழங்கால் உயரம் வருவதற்குள் மொட்டு வைத்துவிடும், தண்டு குட்டையாக நின்றுவிடும், கடையில் வாங்க மாட்டார்கள். அதற்காக ராத்திரி 10 மணி முதல் 2 மணி வரை லைட் போட்டு ராத்திரியை இரண்டாக வெட்டுகிறோம். இதற்கு 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) போதும், புத்தகம் வாசிக்கிற வெளிச்சம் கூட வேண்டாம். முன்பு 100 வாட் குண்டு பல்ப் வரிசையாகத் தொங்கும். இப்போது 9 வாட் எல்.ஈ.டி, மஞ்சள் கலந்த வெள்ளை. செடிக்குள் இருக்கிற அந்த மணிக்கூடு சிவப்பு வெளிச்சத்தைத்தான் பார்க்கும், அதனால் நீலம் கூடின வெள்ளையை நான் வாங்குவதில்லை. இந்த வேலைக்குக் குண்டு பல்பிலிருந்து எல்.ஈ.டிக்கு மாறியது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய மாற்றம்.

உங்களுக்கு வேண்டியது சாப்பாட்டு லைட். அதற்கு நூறு மடங்கு வெளிச்சம் வேண்டும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றும். நான்கு டியூப் எரிகிற காம்பிரா நமக்குப் பளிச்சென்று இருக்கும், நாற்றுக்கு அது பட்டினி.

போனில் லக்ஸ் மீட்டர் என்று ஒரு செயலி கிடைக்கும். மிகத் துல்லியம் இல்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். இலை இருக்கிற உயரத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எல்.ஈ.டி என்றால் லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் வரும். பழைய டியூபுக்கு 74, வெயிலுக்கு 54, சோடியத்துக்கு 82. அதை எரிகிற மணி நேரத்தாலும் 0.0036-ஆலும் பெருக்கினால் செடிக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த சாப்பாடு தெரியும், அதன் அளவு மோல். உதாரணத்துக்கு 10,000 லக்ஸ் எல்.ஈ.டி, 14 மணி நேரம் என்றால் 7 மோல். நாற்றுக்கு அது நல்ல அளவு. சலாதை அறுவடை வரை உள்ளேயே வளர்க்க 12-க்கு மேல் வேண்டும். பெல் பெப்பர் காய்க்க 20-க்கு மேல். அதை அந்தக் காம்பிராவில் நினைக்கவே வேண்டாம், காசு கரைந்துவிடும். நாற்று வரைக்கும் மட்டும் லைட், அதற்குப் பிறகு டனல்.

ஊதாவைப் பற்றி. இலையிலிருக்கிற பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை, அதை வைத்துத்தான் அந்தப் பலகைகள் வந்தன. ஆனால் பச்சை வெளிச்சமும் வீண் இல்லை என்று கீத் மக்ரீ 1972-இலேயே அளந்து காட்டிவிட்டார். அது இலைக்குள் ஆழமாகப் போகும். நீல எல்.ஈ.டியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் அல்லவா, அந்த நீலச் சில்லுக்கு மேல் ஒரு மஞ்சள் பூச்சு பூசியதுதான் இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. அதில் நீலமும் உண்டு, பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. நாற்றுக்கு நீலம் கொஞ்சம் கூடினால் தண்டு குட்டையாகத் தடிக்கும். ஆகவே நான் இலைக்கு வாங்கினால் வெள்ளைதான் வாங்குவேன். வளர்க்கிறவள் நாற்றின் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் தெரியாத வெளிச்சத்தில் எப்படி வைத்தியம் பார்ப்பது?

சூடு பற்றி உங்கள் ஊர்க்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. செடி வளரச் சூடு வேண்டும், ஆனால் அது லைட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. மிளகாய் இனத்து விதை 15 பாகையில் முளைக்க 25 நாள் எடுக்கும், 25 பாகையில் 8 நாள். முளைக்கும்வரை அதற்கு வெளிச்சமே தேவையில்லை. ஆகவே முதல் பத்து நாள் சூடான மூலையில் வையுங்கள், வித்திலை (முதலில் வரும் இரண்டு இலை) வந்த அன்றே லைட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு நாள் பிந்தினாலும் நீளத் தொடங்கிவிடும். சூட்டுக்காக 400 வாட் லைட்டை எரிப்பது, குளிருக்கு வீட்டையே கொளுத்துவது மாதிரி.

ராத்திரி முழுவதும் எரிக்காதீர்கள். 14 மணி போதும், செடிக்கும் இருட்டு வேண்டும். ஒரு சின்ன ஃபேன் போடுங்கள், காற்று ஆட்டினால் தண்டு தடிக்கும், ஈரமும் தங்காது.


கந்தப்பளை நாற்றுக்காரி | ஆகஸ்ட் 3

அம்மா, அண்ணே, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னதைச் செய்து பார்க்காமல் பதில் போட மனம் வரவில்லை.

முதலில் அளந்தேன். பழைய டியூப் நான்கும் எரியும்போது மேல் தட்டில் 1,400 லக்ஸ். நடுத் தட்டில் 300 கூட இல்லை. செவ்வந்தி அம்மா சொன்ன கணக்கைப் போட்டேன், 12 மணி நேரத்துக்கு ஒரு மோல் கூட வரவில்லை. மூடுபனி நாளில் ஜன்னல் ஓரத்தில் மத்தியானம் 1,100. அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் தட்டுக்கு முன்னால் சும்மா நின்றேன். ஆறு வருடமாக விதை சரியில்லை, தும்புத் தூள் சரியில்லை என்று விதைக் கடையையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேல் தட்டுக்கும் நடுத் தட்டுக்கும் 18 வாட் எல்.ஈ.டி டியூப் ஆறு ஆறாகப் போட்டேன். தம்பி சொன்னபடி புதுப் பிட்டிங், மூடி போட்டது. நானாகக் கை வைக்கவில்லை, நுவரெலியாவிலிருந்து வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன். எர்த் கம்பியைத் திறந்து பார்த்தார், காம்பிராவுக்கு அது வரவே இல்லை. அதையும் இழுத்துப் போட்டார். இத்தனை வருடம் ஈரக் கையோடு அந்த சுவிட்சைப் போட்டிருக்கிறேன்.

சங்கிலியில் தொங்கவிட்டிருப்பதால் நாற்று உயர உயர லைட்டையும் தூக்கலாம். 8 அங்குலத்தில் நடுவில் 9,800 லக்ஸ், ஓரத்தில் 6,000. ஓரத்து நாற்று நடுவைப் பார்த்துச் சாயத் தொடங்கியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ராக்கையின் மூன்று பக்கமும் வெள்ளை மாச் சாக்கை விரித்துத் தொங்கவிட்டேன். ஓரம் 7,500-க்கு வந்தது. அதற்கு ஆன செலவு சுண்ணாம்புக் காசு மட்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றியும் வைக்கிறேன்.

பெல் பெப்பர் விதைத் தட்டுகளைப் பொலித்தீனில் சுற்றி, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கிற பரணில் ஏற்றினேன். எங்கள் வீட்டு அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, விறகு எங்கே வைப்பது என்று கேட்டார். ஒன்பதாம் நாள் காலை விறகு எடுக்கப் போனவர்தான் "முளைத்துவிட்டது, வந்து பார்" என்று என்னைக் கூப்பிட்டார். போன வருடம் மூன்று வாரம் தாண்டியும் பாதிதான் முளைத்திருந்தன.

ஒரு பிழையும் செய்தேன், வேறு யாரும் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன். சலாது விதையையும் அதே பரணில் வைத்துவிட்டேன். இரண்டு தட்டில் ஒன்றும் வரவில்லை. சலாதுக்கு அந்தச் சூடு ஆகாது, 30 பாகையை நெருங்கினால் விதை தூங்கிவிடும், இருட்டும் சேர்ந்துகொண்டது. மறுபடி விதைத்து, மேலே மண் மூடாமல், குளிர்ந்த காம்பிராவில் லைட்டுக்குக் கீழேயே வைத்தேன். நான்காம் நாள் முளைத்தது.

ஊதாப் பலகையை எறியவில்லை. ஆர்டர் கூடுகிற வாரங்களில் கீழ்த் தட்டில் சலாதுக்குப் போடுகிறேன், பக்கத்தில் ஒரு வெள்ளை டியூப் சேர்த்து. இப்போது இலை இலையாகத் தெரிகிறது.

ஜூலை பில் 174 யூனிட்.

போன வாரம் அதே இராகலைக்காரருக்குப் போன் பண்ணினேன். வாங்க வேண்டாம், வந்து பார்த்துவிட்டு மட்டும் போங்கள் என்றேன். வந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு தட்டுகளை எண்ணத் தொடங்கினார். நான்கையும் எடுத்துக்கொண்டார், செப்டம்பருக்கு இன்னும் ஆறு கேட்டிருக்கிறார்.

வெலிமடை அண்ணே, அந்தச் சோடியம் இரண்டும் சித்தப்பா மகன் வீட்டில் சாக்கில் சுற்றியபடி இருக்கின்றன. எனக்குப் பயன்படாது, உங்கள் டனலுக்குப் பயன்படும். அவனிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டான். நிக்கினி போயா (ஆகஸ்ட் பௌர்ணமி) லீவுக்கு எங்கள் மாமா லோரியில் வெலிமடைப் பக்கம் கிழங்கு ஏற்ற வருகிறார். கொடுத்து அனுப்பட்டுமா? குமிழ் இரண்டையும் தனியாகக் கழற்றி வைக்கோல் வைத்துக் கட்டச் சொல்கிறேன்.


வெலிமடை டனல் | ஆகஸ்ட் 3

கொடுத்து அனுப்புங்கள் தங்கச்சி. லோரி திரும்பிப் போகும்போது இரண்டு பெட்டி தக்காளி ஏற்றிவிடுகிறேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று சித்தப்பா மகன் வீட்டுக்கு. சோக்கின் மேல் எழுதியிருப்பதை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், என்னிடம் இருக்கிற குமிழுக்குச் சேருமா என்று பார்க்க வேண்டும்.